லடாக்கில் முதல் ஷிப்டு

பிரவீன்குமாரை நேரில் பார்ப்பதற்கு முன்பே அவர் இணையத்தில் எழுதியதையெல்லாம் நான் படித்துத் தொலைத்துவிட்டேன். ஜாதகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டியிருந்தால், இந்நேரம் பெங்களூரில் அவருடைய ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்துகொண்டிருப்பேன்.

லிங்கை அனுப்பியது என் அம்மா இசக்கியம்மாள்தான். "ஏட்டி அகிலா, மாப்பிள்ளைப் பையன் இன்டர்நெட்டுல பெரிய ஆளாம்லா. அவன் அம்மை பொற்கொடி அனுப்பியிருக்கா. நல்லாப் பாத்துக்கோ" என்று அடுப்படியிலிருந்தே கத்தினாள். சரி, பார்க்கத்தானே சொன்னாள் என்று நானும் உட்கார்ந்தேன்.

அம்மாவின் அவசரத்துக்குக் காரணம் உண்டு. அப்பா மாடசாமி சுரங்கத்தில் ஸ்ப்ரெடர் ஆபரேட்டர். நிலக்கரியை எடுப்பதற்கு முன்னால் அதன் மேலே கிடக்கும் மண்ணை வெட்டி பெல்ட்டில் அனுப்புவார்கள். அந்த மண்ணைக் கொண்டுபோய் மலைமலையாகக் கொட்டுகிற ராட்சத எந்திரம்தான் ஸ்ப்ரெடர். மே மாதக் கடைசியில் அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட். எங்கள் நெய்வேலி நகரியத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் எல்லோருக்கும் ரிட்டயர்மென்டுக்கு முன்னால் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும். சர்வீஸில் இருக்கும்போது நடத்தினால் ப்ளாக்கே திரண்டு வரும். கூட வேலை பார்க்கிறவர்கள் ட்யூட்டியை மாற்றிக்கொண்டு வந்து பந்தி பரிமாறுவார்கள். மாப்பிள்ளை வீட்டாரை நாலு குவார்ட்டர்ஸில் பிரித்துத் தங்கவைக்கலாம். குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் அதே ஆள் கூப்பிட்டால், "எந்த மாடசாமி?" என்று கேட்பார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் சரி என்று சொல்லியாக வேண்டும், திங்கட்கிழமை மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும். என் வாழ்க்கை மண்டபத்துக்காரரின் டைரியில் ஒரு காலி இடத்துக்காகக் காத்திருந்தது.

நானும் கம்ப்யூட்டர்காரிதான். சென்னையில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் போட்டுக் குடைந்து எங்கே உடைகிறது என்று கண்டுபிடிக்கும் வேலை. பிரவீன்குமாரைப் போன்ற வெப் டெவலப்பர்களுக்கு எங்களைக் கண்டால் ஆகாது. எங்களுக்கும் அவர்களிடம் அப்படியொன்றும் பாசம் பொங்கி வழிவதில்லை.

அவருடைய தளத்தின் பெயர் 'பிரவீனின் பாதை'. அதன் கீழே 'நிரல், கருவி, பயணம், படம்' என்று நாலு வார்த்தை. திறந்ததுமே ஒரு பெட்டி குதித்து வந்து, செய்திமடலுக்குப் பதிவு செய்யச் சொல்லி முகத்தை மறைத்தது. அதை மூட ஒரு பெருக்கல் குறி இருந்தது. அதைத் தொட்டால் இன்னொரு பெட்டி. இரண்டையும் தாண்டி உள்ளே போனால் முதல் கட்டுரையின் தலைப்பு, 'வாசகரை எரிச்சலூட்டாத இணையதளம் அமைப்பது எப்படி'. வெட்கம் என்ற சாமான் இந்த ஆளின் கடையிலேயே கிடையாது என்று அப்போதே புரிந்துவிட்டது.

நிரல் குறிப்புகளுக்கு வருவோம். 'உங்கள் கோப்புகளுக்குப் பொருள் விளங்கும்படி பெயர் வையுங்கள்' என்று ஒரு குறிப்பு. அதில் இருந்த படத்தின் கோப்புப் பெயரைப் பார்த்தேன். 'ஃபைனல் கடைசி புதுசு டூ'. 'வேலையை அடிக்கடி சேமித்து வையுங்கள்' என்று இன்னொன்று. அடேங்கப்பா, என்ன கண்டுபிடிப்பு! இதற்கு நாலு பத்தி, நடுவில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தொலைவில் எதையோ பார்க்கிற அவருடைய படம் வேறு. உருப்படியான குறிப்பு ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்தன. அவை வேறு எங்கோ இங்கிலீஷில் படித்த ஞாபகமாக இருந்தது.

கருவிகள் பகுதி இதைவிடக் கொடுமை. ஒரு ஹெட்போனை ஆறு மாதம் பயன்படுத்திப் பார்த்து எழுதுவதாகச் சொல்லியிருந்தார். அது கடைக்கு வந்தே ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு கீபோர்டின் சத்தத்தை மட்டும் பதிவு செய்து போட்டு, 'கேளுங்கள், மனம் லேசாகும்' என்று எழுதியிருந்தார். டக் டக் டக். நாள் முழுக்க எனக்கு அந்தச் சத்தம்தான், மனம் ஒரு நாளும் லேசானதில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பீற்றிக்கொள்ளாத ஆண்பிள்ளையை ஆர்டர் கொடுத்தா செய்ய முடியும்? ஆனால் பயணப் பகுதிக்குப் போனேன்.

லடாக்! பக்கம் முழுக்க லடாக். செம்மண்ணும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக மலைச்சரிவு, மேலே நீல வானம், ஒரு புல் பூண்டு இல்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதன் கீழே எழுதியிருந்ததைப் படித்தேன்.

'பாங்காங் ஏரிக்குப் போகும் வழியில், ஃபர்ஸ்ட் ஷிப்டு பஸ் கிளம்பும் நேரத்து வெளிச்சத்தில் எடுத்தது.'

வாய்விட்டுச் சிரித்தேன். என்னவோ ஏதோ என்று அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். லடாக்கில் எந்தச் சுரங்கத்துக்கு எந்த பஸ் கிளம்புகிறதாம்? விடியற்காலையை ஃபர்ஸ்ட் ஷிப்டு பஸ் போகிற நேரம் என்று சொல்கிறவர்கள் இந்தப் பூமியில் எங்கள் ஊரில்தான் இருக்கிறோம். எங்களுக்குப் பொழுது அப்படித்தான். நைட் ஷிப்டு விடுவதற்கு முன் பால் வரும், செகண்ட் ஷிப்டு போன பிறகு மத்தியானத் தூக்கம் போடுவோம். பெங்களூரில் எத்தனை வருஷம் குப்பை கொட்டினாலும் அது நாக்கை விட்டுப் போகாது. ஐயா ஊரை மறைத்தார், பொழுதை மறைக்க மறந்துவிட்டார்.

பிறகு படத்தை உற்றுப் பார்த்தேன். மலையாவது மண்ணாங்கட்டியாவது! சுரங்கத்தை வேடிக்கை பார்க்கிற வியூ பாயிண்டுக்குப் போகிற வழியில் இருக்கிற மண்மேடு அது. பள்ளிக்கூட நாளில் சைக்கிளில் போய் அதன் எதிரே நின்று நாங்கள் கொடுக்காப்புளி தின்றிருக்கிறோம். படத்தின் வலது ஓரத்தில் இரும்புக் கம்பி மாதிரி ஒன்று பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. வெளியூர்க்காரர்கள் அதைக் கொடிக்கம்பம் என்று நினைத்திருக்கலாம். அது ஸ்ப்ரெடரின் மூக்கு.

ஒன்றைப் பிடித்துவிட்டால் எனக்குக் கை நிற்காது, தொழில் அப்படி. ஐஸ்லாந்து என்று ஒரு பக்கம். 'பூமி பெருமூச்சு விடும் இடம்' என்று கவிதை வேறு. அனல்மின் நிலையத்தின் கூலிங் டவரிலிருந்து கிளம்புகிற ஆவியைக் கிட்டே இழுத்து எடுத்திருந்தார். பிராக் நகரத்து மாலை என்று போட்டிருந்தது நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையின் புகைபோக்கி. வியட்நாம் சேத்தியாத்தோப்புப் பக்கம் வெள்ளாற்றங்கரையில் இருந்தது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறபோது பைக்கை எடுத்துக்கொண்டு சுற்றி, காலையில் ஐரோப்பாவையும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஆசியாவையும் முடித்திருக்கிறார்.

கீழே வாசகர்கள் உருகி வழிந்திருந்தார்கள். 'வார்த்தை இல்லை ப்ரோ.' 'உங்களைப் போல வாழ வேண்டும் ப்ரோ.' லடாக்குக்கு எந்த மாதம் போகலாம் என்று ஒரு அப்பாவி கேட்டிருந்தான். 'செப்டம்பர். ஆக்ஸிஜன் குறைவு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று வாய் கூசாமல் பதில் சொல்லியிருந்தார். எங்கள் மண்மேட்டில் ஆக்ஸிஜனுக்கு என்ன குறைச்சல்? தூசிதான் கொஞ்சம் அதிகம்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. இவ்வளவு பெரிய புளுகு கையில் கிடைத்த பிறகு யார் என்னைக் கட்டாயப்படுத்த முடியும்? அப்பா ஃபர்ஸ்ட் ஷிப்டு முடிந்து வந்து டீ குடிக்கிற நேரமாகப் பார்த்து லேப்டாப்பைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "ஆமா, நம்ம டம்ப்புதான்" என்றார். கொஞ்சம் சிரிப்பும் வந்தது அவருக்கு. "நல்லாத்தான் எடுத்திருக்கான். டெய்லி பாக்குத எனக்கே தெரியலியே, இம்புட்டு அழகா இருக்குன்னு."

"அப்பா! பொய் சொல்லியிருக்கான்ப்பா. ஒரு ஊருக்கும் போகலை. உலகத்தையே ஏமாத்திக்கிட்டிருக்கான்."

"குடிக்கானா?"

"அது தெரியாது."

"குடிக்க மாட்டான், விசாரிச்சாச்சு. வேலை இருக்கு. இருக்க வீடு இருக்கு. மண்மேட்டைப் படம் புடிச்சு லடாக்குன்னான்னு சொல்லியா ஒரு சம்பந்தத்தை வேண்டாம்பாக? நாலு பேரு கேட்டா என்ன சொல்லட்டும்?"

அம்மா இன்னும் ஒரு படி மேலே போனாள். "போனேன்னு சொல்லிட்டு வீட்டுலயே கெடக்க புள்ள நல்லதுல்லா? வீட்டுல இருக்கேன்னு சொல்லிட்டு ஊர் மேயுறவனை என்ன செய்வ?"

தலையில் அடித்துக்கொண்டேன். அப்பா லேப்டாப்பை மெதுவாக மூடினார். "எம்மா, மே மாசத்துக்கு அப்புறம் நான் கூப்பிட்டா யாரு வருவா? இப்பம்னா என் செட்டு ஆளுக அத்தனை பேரும் வந்து நிப்பாங்க. உன்னைய மாலையும் கழுத்துமா அவங்க முன்னாடி நிறுத்திப் பாக்கணும்னு ஒரு ஆசை. வேற ஒண்ணுமில்ல" என்றார்.

கேட்கப் பாவமாக இருந்தது. ஒரு மனுஷனின் ஆசைக்காக அந்தப் பம்மாத்துக்காரனோடு காலம் தள்ள வேண்டுமா என்று கோபமும் வந்தது. சனிக்கிழமை வரட்டும், பார்த்துப் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

சனிக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வைத்திலிங்கம் போன வருஷம் ரிட்டயராகி மந்தாரக்குப்பத்தில் வீடு கட்டியவர். எங்கள் குவார்ட்டர்ஸின் சுவரையும் கூரையையும், விலைக்கு வாங்க வந்தவர் போல நோட்டம் விட்டார். பொற்கொடி நெய்வேலியிலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சும் எங்கள் வீட்டுத் தெற்கத்திப் பேச்சில்லை, இந்தப் பக்கத்துப் பேச்சு. பிரவீன்குமார் கழுத்தில் கேமராவோடு வந்திருந்தார். பெண் பார்க்க வருகிற இடத்துக்குக் கேமரா! நல்லவேளை, ட்ரைபாடை வண்டியிலேயே விட்டிருந்தார்.

"வூட்ல ஒரு நாளு உக்கார மாட்டாம்மா எம்புள்ள. ஊர் ஊரா சுத்திகினே இருப்பான்" என்றார் பொற்கொடி பெருமையாக. பெற்றவளுக்கும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு பேரும் தனியாகப் பேசட்டும் என்று பின்பக்கத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். முருங்கை மரத்தடியில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றோம்.

"உங்க சைட் முழுக்கப் படிச்சேன்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்படியா! எந்தப் பகுதி பிடிச்சுது? கோடிங் டிப்ஸா?"

"லடாக்."

"ஓ! அது வேற அனுபவங்க. வார்த்தைல சொல்ல முடியாது."

"சொல்ல வேணாம். ஒரு சந்தேகம், அதை மட்டும் தீத்து வைங்க. லடாக்குல ஃபர்ஸ்ட் ஷிப்டு பஸ் எத்தனை மணிக்குங்க?"

முகத்திலிருந்த வெளிச்சம் பொசுக்கென்று அணைந்தது. சமையலறை ஜன்னலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு, நம்பவே முடியவில்லை, சிரித்தார்.

"இத்தனை வருஷமா எவ்வளவோ பேர் பாத்திருக்காங்க. ஒருத்தர்கூடக் கேக்கலை. நெய்வேலிப் பொண்ணுன்னா நெய்வேலிப் பொண்ணுதான்" என்றார். "அது டம்மிங்க. நீங்களும் இந்த ஃபீல்டுதானே, உங்களுக்குப் புரியும். சைட் கட்டும்போது நிஜப் படம் வர்ற வரைக்கும் ஏதாவது ஒரு படத்தை வெச்சு இடத்தை நிரப்பி வெப்போம் இல்ல? அதுதான். நிஜமாப் போயிட்டு வந்ததும் மாத்திடுவேன்."

"எப்போ போறதா இருக்கீங்க?"

"லீவு கிடைக்கலை. அதுவும் இல்லாம..." கேமராவின் வாரைத் திருகினார். "எனக்கு உயரம் ஆகாதுங்க. ஊட்டி போனாலே வாந்தி. கூட ஆள் இருந்தா தைரியமாப் போலாம்னு பாக்கறேன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு நிமிஷம் அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது. ஊட்டிக்கே வாந்தி எடுக்கிறவர் இமயமலை ஏற ஆசைப்பட்டு எங்கள் மண்மேட்டின் முன்னால் நின்றிருக்கிறார். இதை இப்படியே எழுதியிருந்தால் அதுவே நல்ல கட்டுரை. இவரோடு ஒரு டீ குடிக்கலாம் போல என்றுகூட நினைத்தேன்.

அதற்குள் அவர் வாயைத் திறந்தார். "உங்களுக்குக் கண்ணு ரொம்ப ஷார்ப். டெஸ்டிங்ல உக்காந்து ஏன் வீணாக்கறீங்க? அதெல்லாம் யாரு வேணா பண்ற வேலை. கல்யாணத்துக்கு அப்புறம் அதை விட்டுடலாம். என் சைட்டுல ட்ராவல் பகுதியை நீங்க பாத்துக்கலாம். இந்த ஷிப்டு மாதிரி மிஸ்டேக் எல்லாம் வராம எடிட் பண்ண ஒரு ஆள் வேணும்."

அதாவது, பொய்யை ஓட்டை இல்லாமல் கட்டித்தர ஒரு டெஸ்டர் வேண்டும், சம்பளம் தாலி. வந்த இரக்கம் வந்த வழியே போய்விட்டது.

"வேலையை விடறதா இல்லை" என்றேன்.

"பேசிக்கலாம், பேசிக்கலாம். ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கறேன். பெரியம்மா வீட்ல காட்டணும்." நான் தலையசைப்பதற்குள் எடுத்தும்விட்டார்.

"நான் இன்னும் எதுவும் சொல்லலை. நாளைக்குத்தான் சொல்லுவேன்" என்று அழுத்திச் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

மறுநாள் ஞாயிறு. அப்பாவுக்குச் செகண்ட் ஷிப்டு. அவர் கிளம்புவதற்கு முன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் நாகம்மாள் அக்கா போனைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்னாம்மா அகிலா, லடாக்கு வரைக்கும் போயி வந்துகினு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே! ப்ளாக் குரூப்பு முழுக்க உன் போட்டோதான் ஓடுது."

வாங்கிப் பார்த்தேன். நான்தான். நேற்று போட்டிருந்த அதே மஞ்சள் சுடிதார், அதே கடுகடுத்த முகம். ஆனால் முருங்கை மரத்தையும் துவைக்கிற கல்லையும் காணோம். என்னைக் கத்தரித்து எடுத்து, அந்த மண்மேட்டின் முன்னால் ஒட்டியிருந்தார். தலைப்பு, 'லடாக் தந்த துணை'. பனி பெய்யும் ஒரு காலையில், லே நகரத்துத் தேநீர்க்கடையில் நாங்கள் இரண்டு பேரும் சந்தித்தோமாம். இரண்டு பேருமே நெய்வேலி என்று தெரிந்ததும் கண் கலங்கிவிட்டதாம். கடைசி வரி இது. 'அகிலா விரைவில் தன் வேலையிலிருந்து விலகி, நம் தளத்தின் பயணப் பகுதிக்குப் பொறுப்பேற்கிறார்.'

கீழே வாழ்த்து மழை. 'ஜோடி சூப்பர் ப்ரோ.' 'அண்ணிக்கு வணக்கம்.'

"ஏட்டி, நீ எப்பம் லடாக் போன?" என்றாள் அம்மா. சத்தியமாக அப்படித்தான் கேட்டாள்.

அப்பா இடது கையால் போனை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கையைக் கழுவிவிட்டு, ஹெல்மெட்டையும் பையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டார். பேசாமல் போனால் சம்மதம் என்றுதானே அர்த்தம்? மண்டபம் கிடைத்தால் போதும் இவருக்கு என்று வயிறு எரிந்தது.

பிரவீன்குமாருக்குப் போன் போட்டேன். "அந்தப் பதிவை உடனே எடுங்க."

"ஏங்க? எல்லாரும் எவ்வளவு சந்தோஷப்படறாங்க, பாத்தீங்களா?"

"நான் சரின்னே சொல்லலை."

"இப்போதைக்கு டம்மிதாங்க. நீங்க சொன்னதும் அது நிஜமாயிடப் போவுது. உங்க அப்பா மண்டபமே பாத்து வெச்சுட்டாராமே. எப்படியும் சரின்னுதானே சொல்லப் போறீங்க?"

போனை வைத்துவிட்டேன். மலையை வைக்கிற இடத்தில் மண்ணை வைத்தார், போகட்டும். நான் வாய் திறந்து சொல்ல வேண்டிய சம்மதத்தையும் தானே செய்து ஒட்டிக்கொண்டாரே, இவருக்கு என்ன நெஞ்சழுத்தம் இருக்க வேண்டும்! நாளைக்குக் குழந்தை பிறப்பதற்கு முன்பே யாரோ ஒரு குழந்தையின் படத்தைப் போட்டு நன்றி சொல்லுவார். நான் பக்கத்தில் நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன? நிரப்ப ஒரு முகம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான் நான் அவருக்கு.

அந்தப் பதிவின் கீழே கருத்து எழுதுகிற பெட்டி திறந்தேதான் இருந்தது. எழுதினேன்.

'இந்தப் படத்தில் இருப்பது நான்தான். பின்னால் இருப்பது லடாக் இல்லை, நெய்வேலிச் சுரங்கத்தின் மண்மேடு. நான் லடாக் போனதில்லை, இவரும் போனதில்லை. நேற்று எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த இடத்தில் இந்தப் படத்தை எடுத்தார். நான் என் வேலையை விடப் போவதில்லை. இவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதும் இல்லை. அகிலா, நெய்வேலி.'

அனுப்பிவிட்டு அம்மாவிடமும் சொன்னேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உங்க அப்பா தலையில கல்லைப் போட்டுட்டியேட்டி. அந்த மனுஷன் எவன் முகத்துல முழிப்பாரு?" என்று அழுதாள். கொஞ்ச நேரத்தில் பொற்கொடி கூப்பிட்டார். "எம்புள்ளயப் பத்தி ஊரு உலகம் பாக்கற எடத்துல எழுதிகினு இருக்கியே, பொண்ணாம்மா நீ? இனிமே உன்னை எவன் கட்டுவான்னு பாக்கறேன்" என்று சொல்லி, நான் பதில் பேசுவதற்குள் வைத்துவிட்டார்.

தளத்தில் வாசகக் கண்மணிகள் என்னைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். 'பொறாமை.' 'ப்ரோவைப் பிடிக்காத யாரோ போலிக் கணக்கு.' 'ஆதாரம் இருக்கா?' 'வரன் தட்டிப்போன கோபம் போல, பாவம்.' பிரவீன்குமாரும் வந்தார். 'நண்பர்களே, அமைதி. பிரபலமானால் இப்படிச் சில தொல்லைகள் வரத்தான் செய்யும். அகிலா என் பக்கத்தில்தான் இருக்கிறார், சிரித்துக்கொண்டிருக்கிறார்.'

சிரித்துக்கொண்டிருக்கிறேனாம்! மூன்றாவது மாடிக்கு ஏறியது போல எனக்கு மூச்சு வாங்கியது. இவ்வளவு பேர் சேர்ந்து நான் நானில்லை என்று சொன்னால் நான் என்ன செய்வேன்? ஆதார் அட்டையையா ஒட்டிக் காட்டுவேன்? அழுகை வந்துவிடும் போல இருந்தது. அம்மாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் தோளுக்கு மேல் போனை எட்டிப் பார்த்தாள்.

அப்போது கீழே புதிதாக ஒன்று வந்து விழுந்தது. எழுதியவர் பெயருக்குப் பக்கத்தில் படமில்லை. காலை வணக்கப் பூக்களை அனுப்புவதைத் தவிர அந்த ஆள் போனில் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. ஷிப்டு பஸ்ஸில் குலுங்கிக்கொண்டே தட்டியிருக்க வேண்டும், எழுத்து அங்கங்கே இடறியிருந்தது.

'நான் மாடசாமி. ஸ்ப்ரெடர் ஆபரேட்டர். அந்த மண்ணு நான் கொட்டினது. அந்தப் பொண்ணு நான் பெத்தது. ரெண்டும் நெய்வேலியில இருக்கு. எம்பொண்ணு கல்யாணம் வேண்டாம்னு சொல்லியாச்சு. போட்டோவை எடுங்க தம்பி.'

"என்னட்டி எழுதியிருக்காவ? கண்ணாடி இல்லாமத் தெரியல, வாசி" என்றாள் அம்மா.

"நீயே வாசிம்மா" என்றேன். போனை அவள் கையில் கொடுத்துவிட்டு, அலமாரியில் இருந்த அவளுடைய கண்ணாடியைத் தேடி எடுத்து வந்தேன்.